முறுக்கு டின்னும் மூன்றாம் ஓலையும்

இதை எழுதலாமா வேண்டாமா என்று வருடக்கணக்காகத் தயங்கினேன். பேனாவை எடுப்பேன், சம்மந்தி வீட்டாரின் முகம் ஞாபகம் வரும், வைத்துவிடுவேன். இப்போது என் மகளுக்கே பிள்ளைகள் பிறந்து, அந்தப் பிள்ளைகள் முறுக்கு கடிக்கிற வயதுக்கு வந்துவிட்டார்கள். இனி யாருக்கும் கெடுதல் வராது என்று தோன்றியது. இருந்தாலும் மனைவியிடம் ஒரு வார்த்தை கேட்டேன். “எழுதுங்க. எலி மேல பழி போட்டதையும் மறக்காம எழுதுங்க” என்றாள். நான் கோயில் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவன். ஜெபப் புத்தகத்தைப் பிழையில்லாமல் வாசிப்பேன், அவ்வளவுதான். மாதாவை நினைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

பாம்பனுக்கும் தங்கச்சிமடத்துக்கும் நடுவில் வடகடலைப் பார்த்த சின்னக் கரை எங்களுடையது. இளவயதிலிருந்து ராத்திரித் தொழில்தான் செய்தேன். பொழுது சாய வள்ளத்தைத் தள்ளுவோம், வலையை விட்டுவிட்டுக் காத்திருப்போம், பாதிச் சாமத்துக்குச் சோற்றுப் பானையைத் திறப்போம். கடிகாரம் யாரிடமும் கிடையாது. எந்த மாதத்தில் எந்த மீன் வானத்தில் எங்கே நின்றால் பாதிச் சாமம் என்று எங்களுக்குத் தெரியும். தின்று முடித்துக் கையைக் கடலில் அலம்பிவிட்டு வலையை வாங்குவோம், அதாவது இழுத்து வள்ளத்தில் ஏற்றுவோம். வாங்கி முடித்ததும் சுக்கான் பிடிக்கிறவனைத் தவிர மற்றவர்கள் வள்ளத்திலேயே விழுந்து தூங்கிவிடுவோம். சனிக்கிழமை ராத்திரி மட்டும் எங்கள் கரையில் ஒருவரும் கடலுக்குப் போவதில்லை. அன்றைக்கு வார அலுப்பெல்லாம் சேர்ந்து கட்டையாகக் கிடப்போம். விடிந்தால் ஞாயிறு, பூசை, சாமியார் நாக்கில் வைக்கிற நன்மை அப்பம்.

ஒரு ஆடிக் காற்றில் பாய் கட்டியிருந்த பருமல் கட்டை கழன்று வந்து என் வலது முட்டியில் அடித்தது. அதோடு கடல் தொழில் முடிந்தது. நூலும் தூண்டில் முள்ளும் கயிறும் விற்கிற சின்னக் கடை ஒன்றைப் போட்டுக் கரையில் உட்கார்ந்தேன். நான்தான் கரையேறினேனே தவிர, என் வயிறு ஏறவில்லை. விளக்கு வைத்ததும் வயிறாரச் சாப்பிட்டுப் படுத்தாலும், பாதிச் சாமத்துக்கு யாரோ தோளைத் தட்டி எழுப்புவதுபோல் விழிப்பு வரும். பானை எங்கே என்று கை தேடும். உறியிலே இருக்கிற மீன்குழம்பு, சட்டியில் பழைய சோறு, அவித்த பனங்கிழங்கு, கருப்பட்டித் துண்டு, எது அகப்பட்டாலும் சரி. தின்றால்தான் கண் மூடும். ஆறு நாளும் அப்படிப் பழகின வயிறு ஏழாம் நாள் சும்மா இருக்குமா? கடல் அலுப்பு இல்லாத சனிக்கிழமை ராத்திரியும் என்னை எழுப்ப ஆரம்பித்தது.

இப்போதுள்ள பிள்ளைகளுக்கு ஒன்று சொல்லவேண்டும். அந்தக் காலத்தில் நன்மை வாங்குகிறவன் முந்தின பாதிச் சாமத்திலிருந்து வாயில் ஒன்றும் போடக்கூடாது. பச்சைத் தண்ணீர்கூடக் கூடாது. போட்டால் பாவமில்லை, ஆனால் அன்றைக்கு நன்மைக்கு எழுந்து போகக் கூடாது. சட்டம் அவ்வளவுதான். என்னை மாட்டிவிட அது போதுமாக இருந்தது.

வீட்டில் கடிகாரம் இல்லையே, பாதிச் சாமம் ஆனதா ஆகவில்லையா என்று யாருக்குத் தெரியும் என்று என் புத்தி முதலில் ஒரு வழி பார்த்தது. மற்றவனாக இருந்தால் அப்படிச் சொல்லித் தப்பித்திருக்கலாம். நான் வானத்தைப் பார்த்து நேரம் சொல்லியே பிழைத்தவன். முற்றத்துக்கு வந்து அண்ணாந்து பார்த்தால் போதும், கார்த்திகை என்கிற ஆறாமீன் கூட்டம் எனக்கு மணி சொல்லிவிடும். மேகம் மூடின ராத்திரிகளில் மட்டும் மனசாட்சிக்குச் சந்தேகத்தின் பலன் கிடைத்தது. மழைக்காலத்தில் நான் கொஞ்சம் அதிகமாகவே நன்மை வாங்கினேன். அதற்காக ஆண்டவர் என்னை மன்னிக்கவேண்டும்.

மகளுக்குக் கல்யாணம் பேசி முடித்தது ஒரு மார்கழியில். வெள்ளைக்காரன் போய் நாலைந்து வருடம் இருக்கும். மாப்பிள்ளை வீடு பெரியபட்டினத்துக்குத் தெற்கே ஒரு கரை. நல்ல குடும்பம். தை மாதம் கோயிலில் ஓலை வாசித்துக் கல்யாணம் வைப்பதாக ஏற்பாடு. மூன்று ஞாயிறு பூசையில் சாமியார் பெண் பெயரையும் மாப்பிள்ளை பெயரையும் வாசிப்பார், தடை தெரிந்தவர்கள் சொல்லவேண்டும், அதுதான் ஓலை. எங்கள் கரையில் கூடுதலாக ஒரு வழக்கம் உண்டு. மூன்றாம் ஓலையன்று பெண்ணைப் பெற்றவரும் மாப்பிள்ளையைப் பெற்றவரும் பீடத்துக்கு முன்னால் இருக்கிற கிராதியில் பக்கத்தில் பக்கத்தில் முழங்காலிட்டு நன்மை வாங்குவார்கள். அதைப் பார்த்தால்தான் ஊருக்குத் திருப்தி.

என் மனைவி முறுக்கு சுட ஆரம்பித்தாள். கொழும்பிலிருந்து வந்த பெரிய பிஸ்கட் டின் ஒன்று எங்கள் வீட்டில் இருந்தது. அதில் அடுக்கி என் தலைமாட்டிலேயே வைத்தாள். பத்திரமாக இருக்குமாம்.

அந்த டின்னின் மூடி திறக்கும்போது ‘டங்’ என்று ஒரு சத்தம் போடும். வாடைக்காற்றுக் காலத்தில் எங்கள் கரையில் அலை நன்றாக விழும். ஒரு அலை விழும்போது திறப்பேன், அடுத்த அலைக்கு மூடுவேன். திறப்பதற்கு அலை உதவியது. கடிப்பதற்கு என்ன செய்வது? என் மனைவியின் முறுக்கு அவள் வாய்போல, கடித்தால் தெருவுக்கே கேட்கும். அதனால் நாலைந்தை வேட்டி மடியில் கட்டிக்கொண்டு, நொண்டி நொண்டிக் கடற்கரைக்குப் போய், கவிழ்த்துப் போட்டிருந்த ஒரு பழைய வள்ளத்துக்குப் பின்னால் உட்கார்ந்து தின்றுவிட்டு வருவேன். வந்து ஒரு அருள்நிறை மரியே சொல்லிவிட்டுப் படுப்பேன். சொல்லத்தான் செய்தேன், பொய்யில்லை.

முறுக்கு குறைவது மனைவிக்குத் தெரிந்தது. “எலிங்க. இத்தாப் பெரிய எலியா இருக்கும். மூடியத் தெறந்து தின்னுட்டு மூடி வச்சிட்டுப் போகுது” என்றாள். எலிப்பொறி வைத்தாள். பொறியில் வைத்த கருவாட்டையும் நான்தான் எடுத்துத் தின்றேன். அதன்பிறகு பக்கத்து வீட்டுப் பூனை மேல் சந்தேகம் வந்து, பூனைக்காரியோடு முடியைப் பிடிக்காத குறையாகச் சண்டை போட்டாள். நான் நடுவில் போய்ச் சமாதானம் செய்துவைத்தேன். “வாயில்லா ஜீவனை ஏன் திட்டுற?” என்றுகூடச் சொன்னேன்.

முதல் ஓலை வாசித்த ஞாயிறு வந்தது. நன்மை நேரத்தில் எல்லோரும் எழுந்து கிராதிக்குப் போனார்கள். நான் முட்டியைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முட்டி வலி என்று ஊர் நம்பியது. ஆனால் அன்று மாலையே தெரு ஜெபமாலைக்கு முன்வாக்கியம் சொல்ல ஐந்து காரணிக்கமும், ஐம்பது மணியும், முழங்காலில் நின்றேன். அந்தப் பழக்கத்தை விடமுடியவில்லை. ஊர் அதைப் பார்த்தது.

மனசு கேட்கவில்லை. சனிக்கிழமை சாமியாரிடம் பாவத்தைச் சொல்கிற பாவசங்கீர்த்தனத்துக்குப் போய் முழங்காலிட்டேன். எங்கள் சாமியார் மதுரைப் பக்கத்துக்காரர், பொறுமையானவர்தான்.

“சாமி, ராத்திரி சாமத்துக்கு மேல தின்னுபுட்டேன்.”

“திருடித் தின்னியா?”

“எங்க வீட்லதான் சாமி.”

“வெள்ளிக்கிழமை மாமிசமா?”

“முறுக்கு சாமி.”

உள்ளே நாற்காலி கிறீச்சிட்டது.

“அது பாவம் இல்லப்பா. நன்மை வாங்கக் கூடாது, அவ்வளவுதான். வேற என்ன?”

“வேற ஒண்ணும் இல்ல சாமி.”

“வேற ஒண்ணுமே இல்லையா?” அந்தக் குரலில் சந்தேகம் இருந்தது.

நான் விடவில்லை. இதை நிறுத்த வழி சொல்லுங்கள் சாமி என்று கெஞ்சினேன். சாமத்தில் எழுந்தால் ஜெபம் செய் என்றார். செய்தேன் சாமி, ஜெபம் முடிந்ததும் இன்னும் பசிக்கிறது என்றேன். ஜெபமாலையை வலது கையில் சுற்றிக்கொண்டு படு, அந்தக் கையால் தின்ன மனசு வராது என்றார். பின்னால் வரிசையில் நின்றவர்கள் இருமத் தொடங்கினார்கள். அவ்வளவு நேரம் நான் முழங்காலில் கிடந்தேன்.

அன்று ராத்திரி ஜெபமாலையை வலது கையில் சுற்றிக்கொண்டு படுத்தேன். வலது கை சத்தியமாக டின்னைத் தொடவில்லை. இடது கையால் தின்றேன். சோறு தின்னாத கையால் தின்னும்படி ஆகிவிட்டதே என்று கடற்கரையில் உட்கார்ந்து கண் கலங்கினேன். கலங்கிக்கொண்டே தின்றேன். மறுநாள் இரண்டாம் ஓலை. மறுபடியும் உட்கார்ந்தே இருந்தேன்.

இந்த இடத்தில்தான் ஊர் கணக்குப் போட்டது. எங்கள் ஊர்க்காரர்களைத் தவிர வேறு யாரும் அப்படிப் போட்டிருக்க மாட்டார்கள். சனிக்கிழமை நெடுநேரம் பாவசங்கீர்த்தனம் செய்கிறான், ஞாயிற்றுக்கிழமை நன்மைக்கு எழுந்திருக்கவில்லை. அப்படியென்றால் என்ன அர்த்தம்? சாமியார் மன்னிப்புக் கொடுக்கவில்லை. ஏன் கொடுக்கவில்லை? பாவத்தை விடமாட்டேன் என்கிறான். விடமுடியாத பாவம் எது? ஊர் இதற்குமேல் யோசிக்கவேண்டிய அவசியம் இருக்கவில்லை.

என் மனைவியின் தம்பி ஒரு மத்தியானம் கடைக்கு வந்தான். நல்ல பையன், சொந்தமாக ஒரு வள்ளம் வைத்திருந்தான். தூண்டில் முள்ளை எடுத்துப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு மெதுவாக ஆரம்பித்தான்.

“மச்சான், சின்ன வயசுல கொழும்புல ரெண்டு வருசம் இருந்தீகள்ல?”

“இருந்தேன்.”

“தனியாத்தான் இருந்தீகளா?”

“ஏலே, என்ன கேக்குற நீ?”

“நான் கேக்கல மச்சான், ஊரு கேக்குது. கொழும்போட முடிஞ்சிருந்தா நானும் கேக்க மாட்டேன். இப்ப தீவோட தென்கரையில யாரோ இருக்காளாம், நம்ம கடக்கரைக்கு வந்து போறாளாம்ல.”

“யாருலே இருக்கா?”

“அதான் தெரியல. ராத்திரி மடியில கட்டிக்கிட்டு கடக்கரைப் பக்கம் போறீகளாம், வெளிக்குப் போனவக பாத்திருக்காக. எங்கக்கா முறுக்கக் காணோம்னு பொறி வச்சுக்கிட்டு அலையிறா. ரெண்டையும் சேத்துப் பாக்க மாட்டாகளா? ‘பாவம், அவளுக்கு முறுக்குன்னா உசுரு போல’ன்னு நல்ல தண்ணிக் கிணத்துல பேசிக்கிறாக.”

தூண்டில் முள்ளை அவன் கையிலிருந்து வாங்கி வைத்தேன். உண்மையைச் சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். என் நிலைமையில் இருந்து பாருங்கள். தெரு ஜெபமாலைக்கு முன்வாக்கியம் சொல்கிறவன். தபசுகாலத்தில் ஒருசந்தி நோன்பு இருக்காத இளவட்டங்களை நடுத்தெருவில் நிறுத்திக் கேள்வி கேட்டவன். அவன் மகள் கல்யாணத்து முறுக்கை ராத்திரி திருடித் தின்கிறான் என்றால் அந்த முகத்தை எங்கே வைப்பது? சொல்ல வெட்கமாக இருந்தாலும் சொல்கிறேன், தென்கரையில் ஒருத்தி இருக்கிறாள் என்று ஊர் பேசியது எனக்கு முறுக்கைவிடக் கௌரவமாகத் தோன்றியது. அப்படித் தோன்றிய மறு நிமிடமே நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டேன்.

பேச்சு மனைவியிடமும் வந்து சேர்ந்தது. அவள் அழவில்லை, சத்தம் போடவில்லை. சோற்றை வைத்துவிட்டு, “போதுமா? இல்ல யாருக்காச்சும் எடுத்து வைக்கணுமா?” என்றாள். பொறியை எடுத்துப் பரணில் போட்டுவிட்டாள். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

கருவாடு வாங்க மாதம் ஒருமுறை வருகிற பெரியபட்டினத்து வியாபாரி ஒருவரிடம் மட்டும் மனசு விட்டுச் சொன்னேன். அவர் வேறு ஊர், வேறு மார்க்கம், எங்கள் கிணற்றடிக்கு வரமாட்டார். வயிறு குலுங்கச் சிரித்துவிட்டு, “நோம்பு மாசத்துல எங்க வீட்டுல சகருக்கு வாங்க மச்சான். அந்நேரத்துல எந்திரிச்சுத் திங்க ஆளு எழுப்பிவிடுவாக. மத்த பதினோரு மாசத்துக்கு என்ன பண்ணுறதுன்னு எனக்கும் தெரியல” என்றார். அவராவது சிரித்தாரே என்று ஆறுதலாக இருந்தது.

சம்மந்தியிடமிருந்து ஆள் வந்தது. மூன்றாம் ஓலைக்கு முந்தின நாளே தாம் நேரில் வருவதாகவும், ராத்திரி எங்கள் வீட்டிலேயே தங்குவதாகவும் சொல்லியனுப்பியிருந்தார். வேறொன்றும் சொல்லவில்லை. அது போதாதா?

அன்று சாயங்காலம் என் மகள் கடைக்குத் தேயிலைச் சாயத்தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். போகாமல் நின்றாள்.

“அய்யா, ஞாயித்துக்கெழம நன்மைக்கு எந்திரிச்சுப் போவீகள்ல?”

என்ன ஏது என்று அவள் கேட்கவில்லை. ஊர் சொன்னதை நம்பினாளா இல்லையா என்றும் தெரியவில்லை. எழுந்து போவேனா என்று மட்டும் கேட்டாள். போவேன் தாயி என்றேன். அவள் போன பிறகு அந்தச் சாயத்தண்ணீர் எனக்குத் தொண்டையில் இறங்கவில்லை. என் தொண்டையில் ஒன்று இறங்காமல் நின்றது அந்த மாதத்தில் அதுதான் முதல் தடவை.

சனிக்கிழமை பொழுது இறங்க சம்மந்தி வந்து சேர்ந்தார். என்னைவிட மூத்தவர், நெடிய ஆள், பேச்சு குறைவு. அவரும் ஒரு காலத்தில் கடல் தொழில் செய்து, தோளில் வாயு பிடித்துக் கரையேறினவர்தான். சாப்பாட்டின்போது மழை, மீன்பாடு, மிளகாய் விலை என்று பேசினோம். கமுதிப் பக்கம் மிளகாய் நன்றாக விளைந்திருப்பதாகச் சொன்னார். மச்சினனும் வந்து கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுப் போய்விட்டான். பெண்கள் வீட்டுக்குள் படுத்தார்கள். சம்மந்தியும் நானும் முற்றத்துப் பூவரச மரத்தடியில் பாய் போட்டோம். டின் உள்ளே இருந்தது. வாசலுக்கும் எனக்கும் நடுவில் சம்மந்தி நீட்டிப் படுத்திருந்தார். மாதாதான் அப்படிப் படுக்கவைத்தாள் என்று நினைத்துக்கொண்டேன்.

விழிப்பு வந்தது. ஆறாமீன் மேற்கே பனையுச்சிக்கு இறங்கியிருந்தது. மேகம் ஒரு துண்டுகூட இல்லை. வயிறு திறந்துகொண்டது. ஜெபம் சொன்னேன். புரண்டேன். பூவரசங் கட்டையைப் பிடித்துக்கொண்டேன். வாசலைப் பார்த்தேன். சம்மந்தியைத் தாண்டிப் போக வலது காலை மடக்கவேண்டும், மடக்கினால் முட்டி சொடக்கும். அதையும் யோசித்துப் பார்த்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை.

“தூக்கம் வரலையா சம்மந்தி?” என்றார் அவர். கண்ணைத் திறக்காமலே கேட்டார்.

“வரல.”

“ஊர்ல ஒரு பேச்சு இருக்கு. நான் கேக்கப் போறதில்ல. நீங்களாச் சொன்னாச் சொல்லுங்க.”

என் மகளின் முகம் தெரிந்தது. எழுந்து உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். வள்ளம், முட்டி, வயிறு, டின், அலை, இடது கை, எலிப்பொறிக் கருவாடு, ஒன்றையும் விடவில்லை. அவர் எழுந்து உட்கார்ந்தார்.

“முறுக்கா?”

“முறுக்கு, அதிரசம், பனங்கெழங்கு. இருக்குறத.”

“எம் மகன் கல்யாணத்து முறுக்கையா?”

“ஆமா சம்மந்தி.”

அவர் துண்டை எடுத்து வாயில் அடைத்துக்கொண்டார். கோபத்தில் என்று நினைத்தேன். தோள் குலுங்கியதைப் பார்த்த பிறகுதான் சிரிக்கிறார் என்று புரிந்தது. சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார்.

“வள்ளத்துல சோறு தின்னா அடுத்து என்ன செய்வீக?”

“வலை வாங்குவோம்.”

“வாங்குனா?”

“படுத்துருவோம்.”

“அதான. உங்க வவுத்துக்கு நீங்க கரையேறுனது தெரியாது. வலை வாங்கணும், தெம்பு வேணும்னு அது சோறு கேக்குது. நீங்க சோத்தைக் குடுத்துட்டு வலையக் குடுக்க மாட்டேங்கிறீக. எனக்கும் கரையேறுன புதுசுல இந்தச் சீக்கு இருந்துச்சு. எங்க வீட்ல மீன் அவியல் சட்டியே காலியாகும். எந்திரிங்க.”

“எங்க?”

“வலை வாங்க.”

கடைத் திண்ணையில் கிடந்த தென்னங்கயிறு ஒரு சுருளை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு அவர் முன்னே நடந்தார். கடற்கரையில் வள்ளம் தள்ளுவதற்குப் போடுகிற பனந்தடி ஒன்று நீரோரம் பாதி புதைந்து கிடந்தது. அதில் கயிற்றைக் கட்டினார். நான் முட்டியைப் பார்த்துக் காலை ஊன்றிக்கொண்டேன், அவர் தம் தோளைப் பார்த்துச் சாய்ந்துகொண்டார். ஆளுக்கொரு பக்கம் பிடித்து, “ஏலோ... ஐலசா” என்று அடித்தொண்டையில் சொல்லிக்கொண்டு இழுத்தோம். தடி அசைந்தது. இழுக்க இழுக்க எனக்குள் ஏதோ ஒன்று தன் இடத்துக்கு வந்து உட்கார்வதுபோல் இருந்தது. வேர்வை வடிந்தது. வயிற்றை மறந்தே போனேன்.

கவிழ்ந்து கிடந்த பழைய வள்ளத்துக்குப் பின்னாலிருந்து ஒரு ஆள் பாய்ந்து வந்தான். என் மச்சினன். கையில் துடுப்பு.

“மச்சான்! பொம்பளச் சமாச்சாரம்னுல நெனச்சேன்! கடத்தலா? எந்த வள்ளத்துல வருது சரக்கு? சம்மந்தியுமா கூட்டு?”

மூன்றாம் ஓலைக்கு முன்னால் அந்தத் தென்கரைக்காரியைக் கையும் களவுமாகப் பிடிக்க அக்காளும் தம்பியும் பேசிவைத்திருந்தார்களாம். அவனுக்குப் பின்னாலேயே என் மனைவி, தலைமுடியை அள்ளி முடிந்துகொண்டு, சண்டைக்குத் தயாராக வந்து நின்றாள். பெண் யாரையும் காணவில்லை. இரண்டு கிழவர்கள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

“என்ன அது, தண்ணிக்குள்ள?” என்றாள்.

“பனந்தடிம்மா,” என்றார் சம்மந்தி. “கொழும்புலருந்து வருது.”

பிறகு அவரே எல்லாவற்றையும் சொன்னார். நான் மணலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் சொல்லி முடித்ததும் என் மனைவி என் பக்கம் திரும்பினாள். ஒரு பெண் இல்லை என்று தெரிந்து சந்தோஷப்படுவாள் என்று எதிர்பார்த்தேன்.

“முறுக்கையா தின்னீக?” என்றாள். “கையி வேக நின்னு சுட்டேனே, அந்த முறுக்கையா? பூனைக்காரி மூஞ்சியில நான் நாளைக்கு எப்படி முழிப்பேன்? ஒருத்தி இருந்திருந்தாக்கூட அவள நாலு கேள்வி கேட்டிருப்பேனே. இப்ப நான் யாரப் போயிக் கேக்க?” சொல்லிக்கொண்டே மணலில் உட்கார்ந்து அழுதாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. கேட்டால் இரண்டும் இல்லை என்கிறாள்.

மச்சினனுக்கு எங்கள் மேல் இரக்கம் வந்துவிட்டது. வீட்டுக்கு ஓடிப்போய் ஒரு செம்பு தண்ணீர் கொண்டுவந்து, “வேர்த்துக் கொட்டுது, குடிங்க” என்று நீட்டினான். தாகம் தொண்டையைப் பிய்த்தது. சம்மந்தி கை நீட்டினார், நானும் கை நீட்டினேன். இரண்டு கையும் செம்பில் பட்ட அந்த நொடியில் இருவரும் ஒன்றாக மேற்கே அண்ணாந்து பார்த்தோம். ஆறாமீன் பனைக்குக் கீழே போய்விட்டது, பாதிச் சாமம் தாண்டி வெகு நேரம்.

“எடுத்துக்கிட்டுப் போலே அங்கிட்டு!” என்று சம்மந்தி போட்ட சத்தத்தில் தண்ணீர் பாதி மணலில் கொட்டியது. எங்கள் மச்சினன் நல்லவன், ஆனால் சாத்தான் அவனை அப்படிச் சில நேரம் அனுப்பிவைப்பான்.

அந்த ராத்திரி முற்றத்துக்கு வந்து படுத்ததும் தூங்கிப்போனேன். வள்ளத்தில் தூங்குகிற தூக்கம்.

காலையில் பூசை. மூன்றாம் ஓலை வாசித்தார்கள். நன்மைக்கு மணி அடித்தது. சம்மந்தி எழுந்தார். நான் எழுந்தேன். கோயிலில் அத்தனை தலையும் திரும்பியது எனக்கு முதுகில் தெரிந்தது. கிராதி வரைக்கும் அவர் என் முழங்கையைத் தாங்கிக்கொண்டு வந்தார். பக்கத்தில் பக்கத்தில் முழங்காலிட்டோம். சாமியார் வந்தார், கூப்பின எங்கள் கைகளைப் பார்த்தார், கயிறு உரசி நாலு கையின் விரல் ஓரமும் சிவந்து கொப்பளித்திருந்தது. ஒரு கணம் நின்றார், பிறகு நன்மையைத் தந்தார். வாடைக்காற்றில் வறண்ட நாக்கில் நன்மை வந்து விழுந்தபோது, என்னை இப்படி ஒரு கயிற்றைக் கட்டி இழுத்துக் கரைசேர்த்தவர் யார் என்று எனக்குத் தெரிந்தது. திரும்பி வரும்போது பெண்கள் பக்கம் பார்த்தேன். என் மகள் முக்காட்டை முகத்தில் இழுத்துவிட்டுக்கொண்டு குனிந்திருந்தாள். அவள் அம்மா பூனைக்காரிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்திருந்தாள்.

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. என் மனைவி மறுபடியும் முறுக்கு சுட்டாள், மாவு பிசையும் வேலை எனக்கு. டின்னைப் பூனைக்காரி வீட்டில் வைத்தாள். சம்மந்தி மட்டும் முறுக்கைக் கையில் எடுத்து இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்து, “இது கடக்கரைக்குப் போயிட்டு வந்ததா, நேரா வந்ததா?” என்று பந்தியில் கேட்டார். ஏன் கேட்கிறார் என்று எங்கள் நாலு பேரைத் தவிர யாருக்கும் புரியவில்லை.

ராத்திரி விழிப்பு வரும்போதெல்லாம் நான் தடி இழுக்கப் போனேன். துணைக்கு மச்சினன் வருவான், அவன் இல்லாத நாளில் மனைவியே வந்து மறுமுனையைப் பிடிப்பாள். பலம் அவளுக்குத்தான் அதிகம். மாசி, பங்குனி என்று போகப் போக விழிப்பு குறைந்தது. தபசுகாலத்தில் ஒருநாள் விடியும்வரை தூங்கிவிட்டேன். எழுந்ததும் ஏதோ தொலைந்துபோனதுபோல் இருந்தது. அதுவும் இரண்டொரு நாளில் சரியாகிவிட்டது.

கொஞ்ச வருடம் கழித்துச் சட்டமே மாறியது. நன்மைக்கு மூன்று மணி நேரத்துக்கு முன்னால்வரை தின்னலாம், தண்ணீர் எப்போதும் குடிக்கலாம் என்று ரோமாபுரியிலிருந்து உத்தரவு வந்ததாகச் சாமியார் பிரசங்கத்தில் சொன்னார். அந்த வாரமே சம்மந்தி பேரனைத் தூக்கிக்கொண்டு வந்தார். “நம்ம ரெண்டு பேரும் அந்தத் தடிய இழுத்தது வீணாப் போச்சே சம்மந்தி” என்றார். அன்று ராத்திரி என் மனைவி பழைய பிஸ்கட் டின்னைத் துடைத்து, முறுக்கு நிரப்பி, என் தலைமாட்டில் கொண்டுவந்து வைத்தாள். “இனி பயப்படாமத் தின்னுங்க. சாமியே சொல்லிட்டாரு” என்றாள். நான் படுத்தேன், விடிந்துதான் கண் விழித்தேன். மூடியை ஒரு எறும்புகூடத் தொட்டிருக்கவில்லை. அவளுக்குக் கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தது என்று நினைக்கிறேன். எனக்கும்தான்.

ஏன் இப்போது எழுதுகிறேன் என்றால், இந்தக் கதை எங்கள் கரையில் நிறையக் கைமாறிவிட்டது. பாம்பனில் ஒருவர், நாங்கள் புதையலை இழுத்தோம் என்கிறார். தங்கச்சிமடத்தில் பேயை இழுத்தோம் என்கிறார்கள். தென்கரையில் இல்லாத அந்தப் பெண்ணுக்கு ஒரு பிள்ளையும் பிறந்துவிட்டதாகப் போன மாதம் சந்தையில் கேட்டேன். இதை வாசிக்கிறவர்கள் தயவு செய்து வேறு ஒருவருக்காவது சொல்லுங்கள். ராத்திரி பானையைத் தேடி எழுகிறவர்கள் எல்லா ஊரிலும் இருப்பார்கள், யாருக்காவது ஒரு கயிறு உதவக்கூடும். ஆனால் இருந்ததை இருந்தபடியே சொல்லுங்கள். புதையல் வேண்டாம், பேய் வேண்டாம், அந்தப் பெண்ணும் பிள்ளையும் வேண்டவே வேண்டாம். முறுக்கைத் தின்றது நான். எலியும் பூனையும் ஒரு பாவமும் செய்யவில்லை.